முழங்காற் சில்லு விலகினால்

வலைப்பந்தாட்டத் திடலிலே மாணவி ஒருத்தி பந்தைப் பிடிக்கிறாள். பந்துடன் ஓடலாகாது என்பது அவ்விளையாட்டின் விதி. ஆகவே ஊன்றிய காலின்மீதே உடலைச் சட்டெனத் திருப்புகிறாள். அடுத்த கணம் அலறிக்கொண்டு விழுகிறாள். எவரும் அவளை இடிக்கவில்லை. ஆயினும் மடிந்த முழங்காலை நீட்ட முடியவில்லை. அதன் வெளிப்புறத்தே ஒரு புடைப்பு, முன்புறத்தே ஒரு பள்ளம். விலகியிருப்பது முழங்காற் சில்லு.

இச்சில்லு தொடைத்தசையின் நாணுக்குள்ளே பதிந்துள்ள ஒரு சிறிய என்பு. தொடையென்பின் கீழ்முனையில் அமைந்த தவாளிப்பிலே, கிணற்றுக் கப்பியிற் கயிறு ஓடுவதுபோல, அது மேலும் கீழும் வழுக்கிச் செல்லும். தவாளிப்பு ஆழங் குறைந்தவர்க்கும், சில்லு சற்றே உயர அமைந்தவர்க்கும், மூட்டுக்கள் இயல்பாகவே தளர்ந்தவர்க்கும் அது தடம் புரள்வது எளிது. பெரும்பாலும் பதின்ம வயதினரே இதற்கு ஆளாகின்றனர். சில்லு ஏறக்குறைய எப்பொழுதும் வெளிப்புறமாகவே விலகும். அவ்வேளை அதனை உட்புறத்தே பற்றியிருக்கும் இணையம் கிழிந்துவிடுகிறது.

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. சில்லு அகன்றதும் தொடையென்பின் உள்முனை துருத்தித் தோன்றும். அதனையே சில்லென எண்ணி, உள்ளே விலகிவிட்டதென்று வெளிப்புறமாகத் தள்ளப் புகுவோரும் உளர். கூடியிருப்போர் காலை இழுப்பதும் எண்ணெய் பூசி உருவுவதும் வேண்டாத வேலைகள். கால் எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையிலேயே மடித்த துணிகளால் அணைகொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்புதலே தக்கது. இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாகவே வரும். சில்லு மட்டுமன்றி முழங்கால் மூட்டே விலகியிருப்பின், பின்புறத்து நாடி சிதைந்து காலையே இழக்க நேரலாம். பாதம் வெளிறிக் குளிர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

வைத்தியர் முதலில் நோவைத் தணிப்பார். பின்னர் நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்துத் தொடைத்தசையைத் தளரச் செய்து, காலை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டே சில்லின் வெளிவிளிம்பை உட்புறமாகத் தள்ளுவார். முரட்டுப் பலம் எதுவும் தேவையில்லை.

நோயை நிதானிப்பதிலுள்ள உண்மையான சிக்கல் வேறொன்று. பல வேளைகளில், விழுந்தவர் காலை நீட்டியதும் சில்லு தானாகவே தன் இடத்திற்கு மீண்டுவிடும். வைத்தியர் முன் வரும்போது வீக்கமும் உட்புற நோவுமே எஞ்சியிருக்கும். வெறும் சுளுக்கென்று விளையாட்டுக்குத் திருப்பியனுப்பப்படும் பிள்ளைகள் இத்தகையோரே. வைத்தியர் சில்லை வெளிப்புறமாக மெல்ல நகர்த்திப் பார்ப்பார். மீண்டும் விலகிவிடுமோ என்று அஞ்சி நோயாளி தொடையை இறுக்கிக்கொண்டால், நடந்தது இன்னதென்பது விளங்கும். மூட்டிலே விரைவாக இரத்தம் கட்டியிருப்பின் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். சில்லு திரும்பும்போது கசியிழையத்தின் துண்டொன்று பெயர்ந்து மூட்டுக்குள் கிடக்கலாம். எக்ஸ் கதிர்ப்படம் என்பு முறிவைக் காட்டும்; கசியிழையத் துண்டு அதற்கு அகப்படாது தப்பவுங்கூடும். ஐயம் நீங்காவிடின் எம். ஆர். ஐ. படம் எடுக்கப்படும். துண்டு இருக்குமாயின் சத்திர சிகிச்சை வேண்டியதாகலாம்.

இல்லையெனில், முதன்முறை விலகியவர்க்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை. முன்னாளில் வாரக்கணக்காகச் சாந்துக் கட்டுப் போட்டனர். அதனால் தொடைத்தசை நலிந்தது. இக்காலத்தில் சில வாரங்கள் தாங்குபட்டி அணிவித்து, ஊன்றுகோலுடன் விரைவில் நடக்க விடுகின்றனர். தொடைத்தசையையும் இடுப்புத்தசையையும் வலுப்படுத்தும் பயிற்சியே சிகிச்சையின் உயிர். இது பல மாதப் பணி. நோவு தீர்ந்ததும் பயிற்சியைக் கைவிடுவோர் பலர். போட்டிக்காலம் நெருங்கினால் ஆசிரியரும் அதனைக் கண்டுங்காணாதிருப்பதுண்டு.

ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்குச் சில்லு மீண்டும் விலகும். இளவயதினர்க்கு இவ்வாய்ப்பு மேலும் அதிகம். அவ்வாறு திரும்பத் திரும்ப விலகுவோர்க்குச் சத்திர சிகிச்சை பொருந்தும். 1938 இல் அமெரிக்கரான ஹௌசர் விவரித்த முறையில், சில்லின் நாண் பொருந்தும் என்புத்துண்டை உட்புறமாகவும் கீழாகவும் மாற்றிப் பதித்தனர். விலகல் நின்றது; ஆனால் சில்லின்மேல் அழுத்தம் மிகுந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் மூட்டுத் தேய்வு தோன்றியது. இன்று கிழிந்த இணையத்தின் இடத்தில் நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த தசைநாணைப் பொருத்துவது பெருவழக்கு. வளர்ச்சி முற்றாத பிள்ளைகளில் என்பின் வளர்தட்டு ஊறுபடலாகாது ஆகையால், என்பை வெட்டி மாற்றும் சிகிச்சையை வளர்ச்சி நிற்கும்வரை ஒத்திவைக்கின்றனர்.