கடை அடுப்பு பற்றவில்லையா?

காலையில் வறுவல் அடுப்பு பற்றாவிட்டால் அன்றைய வியாபாரமே தடுமாறும். அவசரத்தில் குமிழைத் திறந்து வைத்துக்கொண்டே லைட்டரைத் தட்டுகிறோம். ஆபத்து அங்கேதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி மூட்டை இடுக்குகளில் நிற்கும். எங்கள் கிடங்கில் ஒரு பையன் மூன்றாம் முறை தட்டியபோது குப்பென்று பிடித்து, கையும் புருவமும் கருகின. பத்து நாள் வேலைக்கு வரவில்லை. தவறு என்னுடையதே, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே ஒருமுறை பற்றாவிட்டால் அடுப்பையும் சிலிண்டரையும் மூடிவிடுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, வாடை முழுதும் போகும்வரை காத்திருங்கள். மின்விசிறி, விளக்கு சுவிட்சுகளைத் தொடாதீர்கள்.

பிறகு காரணம் பார்க்கலாம். முதலில் சிலிண்டரின் எடை. அடுத்து ரப்பர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா? மளிகைக் கடையில் எலிக்குக் குறைவா! சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். பர்னருக்குக் கீழுள்ள ஜெட்டில் கரியோ மாவுத் தூளோ அடைத்திருக்கலாம். அதற்குரிய ஊசியால்தான் எடுக்கவேண்டும். கோணி ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும்.

சிலிண்டர் வெளியே பனி பூத்து, தீ குறைந்தால், ஒரே சிலிண்டரிலிருந்து அதிகம் இழுக்கிறோம் என்று பொருள். சிலர் அதை வெந்நீரில் வைக்கிறார்கள், படுக்கப் போடுகிறார்கள். கூடவே கூடாது. இரண்டு 19 கிலோ சிலிண்டர்களைச் சேர்த்து இணைக்க ஏஜென்சியைக் கேளுங்கள். ரெகுலேட்டரை நாமே பிரிக்க வேண்டாம். கசிவு நிற்காவிட்டால் 1906 என்ற எண்ணுக்கு, கடைக்கு வெளியே நின்று பேசுங்கள்.