பழைய பவர் சாவுக்கும் உதிரிபாகம் உண்டு
பெயரைச் சொல்லித் தேடாமல், அளவைச் சொல்லித் தேட வேண்டும்

2011 டிசம்பரில் வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் காவிரி டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் தென்னந்தோப்புகளை அடியோடு வீழ்த்தியது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தக் கோடரியும் கைரம்பமும் போதவில்லை. பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராக வந்தன. ‘பவர் சா’ என்றும் ‘செயின் சா’ என்றும் நம் உழவர்கள் அழைக்கும் இந்த இயந்திரம், மலைத் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழிப்பதற்கும், சமவெளியில் சவுக்கு, தைலமரம் அறுப்பதற்கும் இன்று இன்றியமையாததாகிவிட்டது.

ஆனால் அன்று வாங்கிய இயந்திரங்களில் பல இன்று கொட்டகை மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. காரணம் கேட்டால், “அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது, சாமான் கிடைக்காது” என்ற பதிலே வருகிறது. இது முழு உண்மையன்று. பவர் சாவைச் செய்யும் நிறுவனம் அதன் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. சங்கிலி, கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், பேரிங், ஆயில் சீல் ஆகியவை பெரும்பாலும் தனித்தனி நிறுவனங்கள் பொது அளவுகளில் செய்பவை. இயந்திரத்தின் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் கையை விரிப்பார். அளவையும் எண்ணையும் சொன்னால் பல பாகங்கள் கிடைத்துவிடும்.

முதலில் நோயை அறிய வேண்டும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது பழமொழி. பழுது எதில் என்று தெரியாமல் கடை கடையாக அலைந்தால் அந்தக் கதைதான் ஆகும். ஆகவே, வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி சிலிண்டரைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். சுவிட்சு ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். நீல நிறப் பொறி தெரிந்தால் நல்லது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவருமாதலால், அதன் அருகே இதைச் செய்யக்கூடாது.

இரண்டாவது, அமுக்கம். பிளக்கைத் திரும்ப மாட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து இயந்திரத்தைத் தரையிலிருந்து சற்றுத் தூக்க வேண்டும். இயந்திரம் தடைபட்டுத் தடைபட்டு மெல்ல இறங்கினால் அமுக்கம் இருக்கிறது. கயிறு தங்குதடையின்றி நீண்டு, இயந்திரம் சட்டென்று தரைக்கு வந்தால் பிஸ்டன், ரிங் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது, எரிபொருள். பத்து முறை இழுத்த பின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது முற்றிலும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

பொறியும் அமுக்கமும் சரியாக இருந்து பிளக் மட்டும் உலர்ந்திருந்தால் கவலை வேண்டாம். அது குறைந்த செலவில் தீரும் பழுதாகும்.

பெட்ரோல் வரும் வழி

நெடுநாள் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் முதலில் கெடுவது ரப்பர் பாகங்களே. தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாய் விறைத்து வெடிக்கும். தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாபிரம் தகடு காய்ந்து விறைத்துவிடும்.

இவற்றுள் குழாயை மீட்டர் கணக்கில் வாங்கலாம். பழைய குழாயின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் அளந்து சொல்ல வேண்டும். பெட்ரோலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குவது முக்கியம். சாதாரணப் பிளாஸ்டிக் குழாய் சில வாரங்களில் விறைத்துவிடும். குறிப்பிட்ட வடிவில் வார்த்த குழாயாக இருந்தால் பழையதைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

கார்புரேட்டரின் உடலைத் துடைத்துப் பார்த்தால் வால்ப்ரோ, ஜாமா, டில்லட்சன் என்ற பெயர்களில் ஒன்றும், அருகில் சில எழுத்துகளும் எண்ணும் பொறித்திருக்கக் காணலாம். பவர் சாவின் பெயர் எதுவானாலும், டயாபிரமும் கேஸ்கெட்டும் அடங்கிய ‘கிட்’டை இந்த எண்ணைச் சொல்லியே வாங்கலாம். மாதிரி நின்றுபோன இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

நாட்டில் விற்கும் பெட்ரோலில் எதனால் கலப்பு 2025-ல் 20 விழுக்காட்டை எட்டியது. எதனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. பழைய ரப்பர் பாகங்கள் இதைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல. எனவே வேலை முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைப்பது நலம். எண்ணெய் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

எண்ணெய்க் கலவையின் அளவை அந்தந்த இயந்திரத்தின் குறிப்பேட்டில் உள்ளபடியே பின்பற்ற வேண்டும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. 2டி எண்ணெய், 25-க்கு 1 என்றால் 40 மி.லி. ஆகும். கண்மதிப்பாக ஊற்றுவது கூடாது.

பிளக் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை

மோட்டார் சைக்கிள் பிளக் சில நேரம் மரையில் சரியாகப் பொருந்தும். ஆனால் பல பவர் சாக்களின் பிளக்கில் மரைப் பகுதியின் நீளம் 9.5 மி.மீ. மட்டுமே. அதைவிட நீளமான பிளக்கை மாட்டினால் பிஸ்டன் அதில் இடித்து உடையும். பழைய பிளக்கின் எண்ணைப் பார்த்து அதற்கு ஈடானதையே வாங்க வேண்டும். முனை இடைவெளி பெரும்பாலான இயந்திரங்களுக்கு 0.5 மி.மீ. ஆகும்.

சங்கிலிக்கு மூன்று எண்கள்

“என் மிஷினுக்குச் செயின் கொடுங்கள்” என்று கேட்பதைவிட மூன்று எண்களைச் சொல்லிக் கேட்பதே சரி.

1. பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். மூன்று ரிவிட்டுகளுக்கு இடையே சுமார் 16.5 மி.மீ. இருந்தால் அது 0.325 அங்குலச் சங்கிலி. சுமார் 18.6 மி.மீ. இருந்தால் 3/8 அங்குலம். சுமார் 20.5 மி.மீ. இருந்தால் 0.404 அங்குலம்.

2. கனம்: சங்கிலியின் அடியில் பட்டையின் பள்ளத்துக்குள் ஓடும் நாக்கின் தடிமன். 1.3, 1.5, 1.6 மி.மீ. என்ற அளவுகள் வழக்கத்தில் உள்ளன. வெர்னியர் காலிப்பர் கொண்டு அளப்பது நல்லது. மெல்லிய நாக்குள்ள சங்கிலியை அகன்ற பள்ளத்தில் ஓட்டினால், அது சாய்ந்து ஓடி மரத்தைக் கோணலாக அறுக்கும்.

3. நாக்குகளின் எண்ணிக்கை: ஒன்று விடாமல் எண்ண வேண்டும்.

பட்டையின் அடிப்பகுதியில் இந்த எண்கள் பொறித்திருப்பதும் உண்டு. அழுக்கைத் துடைத்துப் பார்க்கவும். சங்கிலியின் பிட்சும், அதைச் சுழற்றும் ஸ்பிராக்கெட்டின் பிட்சும், பட்டையின் நுனிச் சக்கரத்தின் பிட்சும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் சங்கிலியை மாட்டினால் அதுவும் விரைவில் தேய்ந்துவிடும்.

இன்று நாம் காணும் சங்கிலிப் பல்லின் வடிவம் ஒரு புழுவைப் பார்த்து வந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூபோர்டு காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டின் புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துக் குடைந்து செல்வதைக் கண்டார். அதன் கடைவாயைப் போலவே இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த சங்கிலியை உருவாக்கினார். ஆகவே இருபுறப் பற்களும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் வெட்டு நேராக விழும்.

கூர் தீட்டும்போது 0.325 சங்கிலிக்கு 4.8 மி.மீ., 3/8 சங்கிலிக்கு 5.2 மி.மீ., 0.404 சங்கிலிக்கு 5.5 மி.மீ. உருண்டை அரம் தேவை. சிறு இயந்திரங்களில் வரும் தாழ்பல் 3/8 சங்கிலிக்கு 4 மி.மீ. அரம் போதும். பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகை சாய்வு பொருந்தும். ஒவ்வொரு பல்லையும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டும் அராவ வேண்டும். அறுக்கும்போது சீவல் வந்தால் கூர் இருக்கிறது; மாவு போல் தூள் வந்தால் கூர் போய்விட்டது என்று அறியலாம்.

பேரிங், ஆயில் சீல்

இவற்றுக்குப் பவர் சா கடையைத் தேட வேண்டியதில்லை. நகரத்துப் பேரிங் கடையே போதும். பேரிங்கின் பக்கவாட்டில் எண் இருக்கும். காட்டாக, 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ.; 6201 என்றால் 12, 32, 10 மி.மீ. ஆகும். எண்ணை அடுத்து சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூட்டில் விரிவதற்காக விட்டுள்ள இடைவெளியை அது குறிக்கும். ஆயில் சீலுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற மூன்று அளவுகள் உண்டு. சில மாதிரிகளில் தனி அளவுப் பேரிங் இருப்பதால், பழையதைக் கையில் எடுத்துச் செல்வதே பாதுகாப்பு.

பிஸ்டன் பிடித்துக்கொண்டால்

சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாகப் பார்த்தால் பிஸ்டன் தெரியும். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலும் கீழுமாக ஆழ்ந்த கீறல்கள் இருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கிறது.

இங்குதான் பல உழவர்கள் இரட்டைச் செலவு செய்ய நேருகிறது. இவ்வகை எஞ்சினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே வருகிறது. குழாய் வெடிப்பிலோ ஆயில் சீலிலோ காற்று கசிந்தால் கலவை இளைத்துவிடும். பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் குறையும். சூடு ஏறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். காற்று எங்கே கசிகிறது என்று பாராமல் புதுப் பிஸ்டனை மட்டும் போட்டால் அதுவும் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஆகவே பிஸ்டன் மாற்றும்போது குழாய், ஆயில் சீல், கேஸ்கெட் ஆகியவற்றையும் மாற்றும்படி பட்டறையில் வற்புறுத்த வேண்டும்.

சிலிண்டரின் உள்முலாம் உரியாமல், அலுமினியம் மட்டும் அப்பியிருந்தால், தேர்ந்த மெக்கானிக் அதை நீக்கித் தருவார். அப்போது பிஸ்டனும் ரிங்கும் மட்டும் வாங்கினால் போதும். ஒரே மாடல் பெயரிலும் சிலிண்டர் விட்டம் மாறியிருக்கக் கூடுமாதலால், விட்டத்தை அளந்த பின்னரே வாங்க வேண்டும்.

பாகம் கிடைக்கும் இடங்கள்

அந்த இயந்திரத்துக்கென்றே வார்க்கப்பட்ட பாகங்கள், அதாவது மேல் மூடி, கைப்பிடி, கிளட்ச் மூடி, எண்ணெய்ப் பம்பு போன்றவைதாம் உண்மையிலேயே கிடைப்பது அரிது. இவற்றுக்குச் சிறந்த வழி, அதே மாதிரியின் ஓடாத இயந்திரம் ஒன்றைத் தேடி வாங்குவதே. தேயிலை, காப்பித் தோட்டங்கள் உள்ள நீலகிரி, வால்பாறை, ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளில் பவர் சா பழுது பார்க்கும் பட்டறைகளில் விசாரிக்கலாம். கழற்றிப் போட்ட பழைய இயந்திரங்கள் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

இனி புதிதாக வாங்குவோர், பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் உள்ள மாதிரியையே வாங்குவது நன்மை தரும். ஓர் ஊரில் ஒரே மாதிரி ஐந்து இயந்திரங்கள் இருந்தால், சங்கிலி, பிளக், அரம், கார்புரேட்டர் கிட் ஆகியவற்றைக் கூட்டாக வாங்கி வைக்கலாம். ஒன்று ஓய்ந்தாலும் அதன் பாகங்கள் மற்ற நான்கையும் காக்கும்.

பழுது பார்க்கக் கூடாதவை

எல்லாப் பழைய இயந்திரமும் மறுபடி ஓட வேண்டியதில்லை. முன்கைக் காப்பும் சங்கிலி பிரேக்கும் இல்லாத பழைய மாதிரிகளை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. பட்டை நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். அந்நேரத்தில் சங்கிலியை நிறுத்துவது பிரேக் ஒன்றே. அத்தகைய இயந்திரத்தைப் பாகங்களுக்காகக் கழற்றிவிடலாமே தவிர, கூலியாள் கையில் கொடுக்கக் கூடாது.

பிரேக் உள்ள இயந்திரத்தையும் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் சோதிக்க வேண்டும். இயந்திரத்தைத் தரையில் உறுதியாக வைத்துச் சங்கிலி ஓடும்போது, பிடியை விடாமலேயே முன்கைக் காப்பை முன்னே தள்ளினால் சங்கிலி உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று வேலை இல்லை என்றே கொள்ள வேண்டும். பிரேக் பட்டையைச் சரிசெய்த பின்னரே மரத்தில் வைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, பாகங்களும் கூலியும் சேர்ந்து அதே திறனுள்ள புது இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுது பார்க்காமல் விடுவதே மேல். குழாய், வடிகட்டி, டயாபிரம், பிளக், சங்கிலி என்ற அளவில் முடியும் பழுதுகள் அந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கும்.

கொட்டகையில் கிடக்கும் இயந்திரத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வெளியே எடுத்து மூன்று சோதனைகளையும் செய்து பார்க்கவும். கார்புரேட்டர் எண், பிளக் எண், சங்கிலியின் மூன்று எண்கள் ஆகியவற்றை ஒரு தகட்டிலோ சுவரிலோ பெயிண்டால் எழுதி வைக்கவும். மரம் விழுந்த பின் கடைக்கு ஓடுவதைவிட, எண்ணை அறிந்து பாகத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது உழவர்களின் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.