பட்டம் இல்லாத நிருபர்கள்

பத்திரிகையாளருக்குப் பயிற்சி தருவது யார்? பயிற்சி தருபவருக்குச் சொல்லித் தருவது யார்? கல்லூரிகள் தடுமாறும் இந்தக் கேள்விக்கு உத்தரப் பிரதேசத்தின் ஒரு வறண்ட மூலையில் பதில் கிடைக்கிறது.

பத்திரிகையாளராக என்ன படித்திருக்க வேண்டும்? 2013 மார்ச்சில் இந்தக் கேள்வியைக் கிளப்பியவர் அப்போதைய பிரஸ் கவுன்சில் தலைவர் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு. வக்கீலுக்குப் பட்டமும் பதிவும் தேவை, டாக்டருக்கும் தேவை, பத்திரிகையாளருக்கு மட்டும் எந்தத் தகுதியும் வேண்டாமா என்பது அவரது வாதம். குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிக்க ஒரு குழுவையும் அமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் மணீஷ் திவாரி இன்னும் ஒரு படி மேலே போய், பொதுத் தேர்வும் லைசென்சும் வைக்கலாமே என்றார். பத்திரிகை உலகம் கொதித்தது. இரண்டு யோசனைகளுமே சட்டமாகவில்லை.

ஆகியிருந்தால் முதலில் வேலை இழந்திருக்கக்கூடியவர்கள் டெல்லியிலோ மும்பையிலோ இல்லை. அவர்கள் இருந்தது உ.பி.யின் சித்திரகூடம், பாந்தா மாவட்டங்களில். ராமர் வனவாசம் இருந்ததாக நம்பப்படும் அந்தப் பகுதி நமக்குப் புராணத்தால் பரிச்சயம். செய்தித்தாள்களுக்கு அது வறட்சியும் கொள்ளைக்காரர்களும் குவாரிகளும் மண்டிய பந்தேல்கண்ட். அங்கே கார்வி என்ற சிறு நகரத்திலிருந்து 2002 மே மாதத்தில் ‘கபர் லஹரியா’ என்ற பத்திரிகை வெளிவந்தது. செய்தி அலைகள் என்று பொருள். விலை 2 ரூபாய். மொழி, பள்ளிப் பாடப்புத்தக இந்தி அல்ல. அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசும் பந்தேலி. எழுதியவர்கள், திருத்தியவர்கள், பக்கம் அமைத்தவர்கள், பஸ்ஸிலும் நடந்தும் போய் விற்றவர்கள் எல்லோருமே பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள், பழங்குடியினரும் முஸ்லிம்களும் பிற்பட்ட வகுப்பினரும் உண்டு. பலர் எழுதப் படிக்கக் கற்றதே வளர்ந்த பிறகுதான்.

அவர்களில் ஒருவர் கவிதா தேவி. பாந்தா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த தலித் பெண். 12 வயதில் மணமுடித்து வைக்கப்பட்டவர். எழுத்து அறிமுகமானது ஒரு தன்னார்வ நிறுவனத்தின் கல்வி மையத்தில். கட்ஜுவின் குழு எந்தத் தகுதியைச் சொல்லியிருந்தாலும் அந்த வாசலில் கவிதாவின் தோழிகள் பலர் நிறுத்தப்பட்டிருப்பார்கள்.

இதற்குப் பின்னால் இருந்தது நிரந்தர் என்ற டெல்லி நிறுவனம். பெண் கல்வியில் பழம் தின்று கொட்டை போட்ட அமைப்பு. தொண்ணூறுகளில் மத்திய அரசின் மகிளா சமாக்கியா திட்டத்தின் கீழ் பாந்தாவில் ‘மகிளா டாகியா’ என்ற செய்தி மடல் வந்துகொண்டிருந்தது. புதிதாக எழுத்தறிவு பெற்ற பெண்கள் கற்றதை மறந்துவிடாமல் இருக்கத் தொடங்கிய முயற்சி அது. அது நின்றபோது, படிக்க ஒன்றும் இல்லையே என்ற ஏக்கம் மிஞ்சியது. அந்த ஏக்கத்தைப் பத்திரிகையாக மாற்றலாம் என்று துணிந்ததுதான் ‘கபர் லஹரியா’. ஆக, இங்கே பயிற்சி முடிந்து பத்திரிகை தொடங்கவில்லை. பத்திரிகையே பயிற்சியாக இருந்தது.

பயிற்சி என்றால் என்ன பயிற்சி? யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற வாய்ப்பாட்டை அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். மேல்சாதித் தெருவில் ஒரு தலித் பெண் நோட்டுப் புத்தகத்தோடு நுழைந்து, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கிராமத் தலைவரிடம் ரேஷன் கடைக் கணக்கைக் கேட்பதற்கு எந்தப் பாடப்புத்தகமும் வழி சொல்வதில்லை. போலீஸ் நிலையத்தில் ‘நீ எந்தப் பத்திரிகை?’ என்று ஏளனமாகக் கேட்டால் எழுந்து வராமல் இருக்க வேண்டும். தன் சாதிக்காரர் மீது குற்றச்சாட்டு வந்தாலும் எழுத வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வாசலுக்கும் போய் அவர் சொல்வதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில், ராத்திரி ஏன் நேரமாயிற்று என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினமான பேட்டி என்று தோன்றுகிறது.

பயிற்சி தந்தவர்களுக்கும் இது பாடமாகவே அமைந்தது. டெல்லியிலிருந்து வந்தவர்களுக்குப் பந்தேலி தெரியாது. நிருபர்களுக்கு அது தாய்மொழி. ஆகவே எந்தச் சொல் சரி, எந்த வாக்கியம் படிப்பவருக்குப் புரியும் என்ற விஷயங்களில் மாணவியே ஆசிரியை. ஃபரா நக்வி 2007இல் எழுதிய ஆங்கில நூல் ஒன்று இந்தப் பத்திரிகையின் ஆரம்ப ஆண்டுகளைப் பதிவு செய்திருக்கிறது. அங்கீகாரம் சீக்கிரமே வந்தது. 2004இல் சிறந்த பெண் பத்திரிகையாளருக்கான சமேலி தேவி ஜெயின் விருது. 2009இல் யுனெஸ்கோவின் கிங் சேஜோங் எழுத்தறிவுப் பரிசு. பிறகு அவதி, போஜ்புரி, பஜ்ஜிகா மொழிகளுக்கும் பத்திரிகை பரவியது.

இனி கல்லூரிகளின் பக்கம். இந்தியாவில் இதழியல் கல்விக்கு வயது குறைவில்லை. அன்னி பெசன்ட் 1920லேயே அடையாறில் அதற்கு ஒரு பிள்ளையார் சுழி போட்டார். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும் தொடங்கின. நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் துறையை அமைக்க அமெரிக்கப் பேராசிரியர் ரோலண்ட் வுல்ஸ்லி வந்தார். 1965 ஆகஸ்ட் 17 அன்று, அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா காந்தி டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். இன்று தேங்கனால், ஐஸ்வால், அமராவதி, கோட்டயம், ஜம்மு என்று கிளைகள் கொண்ட அது 2024 ஜனவரியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பெங்களூரில் 1994இல் பிறந்த ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் 2000இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. தனியார் கல்லூரிகளில் காமிரா, ஸ்டுடியோ, எடிட்டிங் அறை எல்லாம் பளபளக்கின்றன. பல இடங்களில் கட்டணம் சில லட்சம்.

யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டால்தான் தடுமாற்றம். பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி உதவிப் பேராசிரியராக நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம் வேண்டும். நெட் என்பது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. செய்தித் தொடர்புக் கோட்பாடுகளை யார் எந்த ஆண்டில் வகுத்தார்கள் என்பதை மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். ஒரு கலவரத்துக்குப் போய் வந்திருக்க வேண்டும் என்றோ, கலெக்டர் மறுத்த செய்தியை ஆதாரத்தோடு அச்சேற்றியிருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. 20 வருடம் துணை ஆசிரியராகக் கண் எரிய உட்கார்ந்தவர், நெட் இல்லாவிட்டால் வாரம் ஒரு வகுப்பு எடுக்கும் விருந்தினர்தான். மறுபுறம், ஆராய்ச்சி செய்தவர்கள் எல்லாம் வேண்டாதவர்கள் என்ற பத்திரிகைக்காரர்களின் இளக்காரமும் நியாயமில்லை. பத்திரிகை அலுவலகப் பழக்கங்களில் எது சரி, எது வெறும் பழக்கம் என்று கேட்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்தான். சிக்கல் என்னவென்றால் இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்காருவது அபூர்வம். பேராசிரியர் ஆறு மாதம் செய்தி அறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்ப வழக்கமான ஏற்பாடு எதுவும் இல்லை.

2022இல் மானியக் குழு ஒரு சன்னலைத் திறந்தது. ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ என்ற பதவி. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. ஊடகமும் அந்தத் துறைகளில் ஒன்று. ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. மூன்று ஆண்டுகள், விதிவிலக்காக இன்னும் ஓராண்டு. வேடிக்கை இதுதான்: 2013இன் யோசனைப்படி நிருபராகவே இருக்க முடியாமல் போயிருக்கக்கூடிய ஒருவர், 2022இன் விதிப்படி பேராசிரியராகலாம்.

கல்லூரிப் பக்கமே போகாதவர்கள்தான் நாட்டுக்குச் செய்தி தரும் பெரும்படை. அவர்கள் பெயர் ஸ்டிரிங்கர். நம் ஊரில் பகுதி நேர நிருபர். தெலுங்கு நாளிதழ் ‘ஈநாடு’ 1989இல் மாவட்டத்துக்கு ஒரு இணைப்பு என்று தொடங்கியபோது, மண்டலத்துக்கு மண்டலம் ஆள் தேவைப்பட்டது. மற்ற மொழிப் பத்திரிகைகளும் அதே வழியில் போயின. ‘ஈநாடு’ தன் இதழியல் பள்ளியில் தேர்வு வைத்து ஆள் எடுத்து உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தந்தது. இப்படிச் செலவழித்த நிறுவனங்கள் குறைவு. பெரும்பாலான ஸ்டிரிங்கருக்குக் கிடைத்தது ஓர் அடையாள அட்டையும், பிரசுரமான செய்தியின் நீளத்தை அளந்து தரப்படும் சொற்பப் பணமும்தான். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் வாழ்த்து விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அதே காண்ட்ராக்டரிடம் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டிய மனிதருக்கு ஒழுக்க நெறி வகுப்பு எடுப்பது எளிதல்ல.

எப்படி எழுதுவது என்பதைவிட எப்படி உயிரோடு திரும்புவது என்ற பாடம் அவருக்கு அவசரம். சத்தீஸ்கரின் பீஜப்பூரில் முகேஷ் சந்திராகர் சொந்தமாக யூ டியூப் சானல் நடத்தியவர். 2021இல் மாவோயிஸ்டுகள் பிடித்துவைத்திருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் வீரரை மீட்டுவரக் காட்டுக்குள் போன பத்திரிகையாளர்களில் ஒருவர். சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தி வெளியான பிறகு, 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். 3ஆம் தேதி காண்ட்ராக்டர் ஒருவரின் இடத்தில், செப்டிக் டாங்க்குக்குள் அவரது உடல் கிடைத்தது. காண்ட்ராக்டரும் அவரது உறவினர்களும் கைதானார்கள். தலைநகரில் நடக்கும் பாதுகாப்புப் பயிலரங்குகள் போர்முனைக்குப் போகும் நிருபரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் அமைகின்றன. போர்முனையிலேயே குடியிருப்பவர், கொலை செய்யக்கூடியவரைத் தினமும் டீக்கடையில் பார்ப்பவர், அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை.

பயிற்சியே நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 2018இல் கூகுள் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. ஆங்கிலத்திலும் தமிழ் உட்பட ஆறு இந்திய மொழிகளிலும் 200 பயிற்சியாளர்களைத் தயார் செய்வது, அவர்கள் மூலம் ஓராண்டில் 8,000 பத்திரிகையாளர்களுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருவது. பயிற்சியாளருக்கு ஐந்து நாள், பத்திரிகையாளருக்கு இரண்டு நாள், ஒரு நாள் அல்லது அரை நாள். ஒரு புகைப்படம் உண்மையில் எங்கே எடுக்கப்பட்டது என்று தேடும் வித்தை அரை நாளில் வந்துவிடும், அது பயனுள்ளதும்கூட. பத்திரிகைகளின் விளம்பர வருமானத்தைக் கரைத்த நிறுவனமே அவற்றின் நிருபர்களுக்கு வாத்தியாராக வந்ததில் உள்ள முரணைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் வேறு யாரும் இந்த அளவில் செலவு செய்ய முன்வரவில்லை என்பதும் உண்மை.

‘கபர் லஹரியா’ இதே காலத்தில் அச்சைக் கைவிட்டு மொபைல் போனுக்கு மாறியது. மறுபடி அரிச்சுவடி. ரிண்டு தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்து, 2022இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படத்தில் அந்த மாற்றத்தைப் பார்க்கலாம். போனைத் தொடவே தயங்கும் நிருபருக்கு ஆங்கில எழுத்துக்களில் தொடங்கிக் கற்றுத் தருகிறார்கள். படம் தங்களை ஒரே கட்சியை மட்டும் துரத்துபவர்களாகக் காட்டுகிறது, கதை முழுமையாக இல்லை என்று அந்தப் பெண்கள் அறிக்கை வெளியிட்டார்கள். தங்களைப் புகழும் படத்திலும் விடுபட்டதைக் கண்டு சொன்னார்கள்.

போன் வேறு தொல்லையையும் கொண்டுவந்தது. நிருபர்கள் பலரை ஒரு ஆள் மாதக்கணக்கில் ஆபாசமாகப் பேசி மிரட்டினான். புகார் கொடுத்தும் போலீஸ் அசையவில்லை. 2015 செப்டம்பரில் இது இணையத்தில் கட்டுரையாக வெளிவந்து பரபரப்பான பிறகே அவன் பிடிபட்டான். மற்றவர்களின் புகார்களை எழுதிப் பழகியவர்களுக்குத் தங்கள் புகாரை எழுதுவதும் கடைசியில் வேலையின் ஒரு பகுதியானது.

கவிதா தேவி இந்திய எடிட்டர்ஸ் கில்டில் உறுப்பினரானார். தலித் பெண் ஒருவர் அதில் இடம் பெற்றது அதுவே முதல் முறை என்கிறார்கள். ‘கபர் லஹரியா’ குழுவின் சம்பல் அகாடமி இப்போது கிராமத்துப் பெண்களுக்கு மொபைலில் செய்தி சேகரிக்கக் கற்றுத் தருகிறது. அனுபவப்பட்ட அதன் நிருபர்களே அங்கே ஆசிரியைகள். அவர்களில் யாரிடமும் எந்தக் கல்லூரியும் இன்னும் நெட் சான்றிதழ் கேட்கவில்லை. வகுப்பெடுக்கக் கூப்பிடும்போது கேட்கும்.