ஐஸ் ஹவுஸில் ஒரு புகலிடம்

வாழ்வில் இடி விழுந்த ஒரு ஜீவனுக்கு, தன்னைக் கண்டு முகம் சுளிக்காத நாலு பேரின் அண்மையைக் காட்டிலும் சிறந்த ஔஷதம் வேறில்லை. பால்ய விவாகமும் வைதவ்யமும் இளம் பருவத்திலேயே நேர்ந்துவிட, பெற்றோரின் ஆதரவால் படித்து 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலக்ஷ்மி, தம்மைப் போன்ற சிறுமிகளுக்காகச் சென்னையில் தொடங்கிய இல்லம், பிற்பாடு திருவல்லிக்கேணிக் கடற்கரையில், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குக் குடியேறிற்று. எதிரே வந்தால் அபசகுனமென்று பின்கட்டில் ஒதுக்கப்பட்ட பெண்கள், அங்கே, தாமும் விதவையான, சுப்புலக்ஷ்மியின் சித்தி வாலாம்பாளின் பராமரிப்பில், ஒரே பந்தியில் உண்டு, ஸ்லேட்டும் புஸ்தகமுமாக அருகருகே உட்கார்ந்து பாடம் படித்தார்கள். பிராமணப் பெண்களுக்கென்றே அது அமைந்தது பெருங்குறைதான். ஆயினும் அங்கிருந்து வெளிவந்தவர்களில் பலர் ஆசிரியைகளாகித் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஜீவித்தார்கள்.