இதயத்தில் கட்டி: புற்றுநோய் இல்லை என்றால் விட்டுவிடலாமா?

வீட்டுப் பெரியவருக்கு எக்கோ எடுத்ததில் இதயத்தில் கட்டி தெரிகிறது. புற்றுநோய்க் கட்டி போலத் தெரியவில்லை என்கிறார் மருத்துவர். 'அப்படியானால் இந்த வயதில் ஆபரேஷன் எதற்கு?' என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

இத்தகைய கட்டிகளில் முக்கியமானது மிக்ஸோமா. சுமார் 75 சதவீதம் இதயத்தின் இடது மேலறையில் வளர்கின்றன. அதன் துணுக்கு உடைந்து இரத்தத்தோடு மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். வால்வை மறித்தால் மூச்சுத்திணறலும் மயக்கமும் வரும். இதைக் கரைக்க மருந்து இல்லை. அறுவை சிகிச்சையே வழி. ஆனால் தொந்தரவு தராத கொழுப்புக் கட்டி என்றால், பெரும்பாலும் கண்காணித்து வந்தாலே போதும்.

ஆகவே வயதை மட்டும் பார்த்து மறுக்க வேண்டாம். ஆபரேஷன் செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்று மருத்துவரிடம் இரண்டையும் கேட்போம். வாப்பாவின், உம்மாவின் விருப்பத்தையும் கேட்டே முடிவெடுப்போம்.