ஐந்து துளைகளும் ஒரு தாடையும்

ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலை முதன்முறை வாங்கி ஊதுகிற பலருக்கும் அதிலிருந்து வெறும் காற்றுதான் வரும். பார்க்கவோ அதைவிட எளிய வாத்தியம் இல்லை. வழக்கமான நீளம் 54.5 சென்டிமீட்டர், இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் நான்கு துளைகள், பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. சீவாளி கிடையாது, மேல் முனையில் அடைப்பும் கிடையாது. அந்த முனையின் ஒரு பக்கத்தை மட்டும் வெளிப்புறமாகச் சாய்த்துச் சீவியிருப்பார்கள். அந்த விளிம்பு தேயாமலிருக்க எருமைக்கொம்பு போன்ற கடினமான துண்டு ஒன்றைப் பதிப்பதுண்டு. திறப்பின் மற்ற பகுதியை வாசிப்பவரின் தாடையே மூடிக்கொள்கிறது.

உதட்டிலிருந்து மெல்லிய பட்டையாக வரும் காற்று அந்த விளிம்பில் மோதுகிறது. காலி சோடா பாட்டிலின் வாயருகே ஊதினால் ஓசை எழுவதும் இதே வழியில்தான். காற்றுப்பட்டை விளிம்புக்கு உள்ளும் வெளியுமாக மாறிமாறிச் சாய்கிறது. எல்லாத் துளைகளையும் மூடியிருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 294 முறை. இந்த எண்ணிக்கையை முடிவு செய்வது உள்ளே இருக்கும் காற்றுத்தூண். தனக்குப் பொருந்திய அதிர்வை மட்டும் அது பிடித்துப் பெருக்குகிறது. இதற்குப் பெயர் ஒத்ததிர்வு.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடும். இருபுறமும் திறந்த குழாயில் அடிப்படைச் சுரத்தின் அலைநீளம் குழாயைப் போல் இரு மடங்கு. அப்படியானால் 54.5 சென்டிமீட்டர் குழல் 316 அதிர்வுகள் தர வேண்டும். வருவதோ 294. காரணம், அலை குழாயின் வாயோடு நின்றுவிடாமல் சற்று வெளியேயும் நீள்கிறது. காற்றுக்கு இந்தக் குழல் 58.7 சென்டிமீட்டர் நீளமானது! கண்ணுக்குத் தெரியாத அந்த நான்கு சென்டிமீட்டருக்கு முனைத்திருத்தம் என்று பெயர்.

ஷாகுஹாச்சியின் வித்தையில் பாதி அங்கேதான் இருக்கிறது. தாடையைத் தாழ்த்தினால் உதடு விளிம்பை நெருங்கும், திறப்பு குறுகும், முனைத்திருத்தம் கூடும், சுருதி இறங்கும். இதை மெரி என்பார்கள். தாடையை உயர்த்தினால் சுருதி ஏறும், அது காரி. ஒரு விரலும் அசையாமல் சுருதி அரைச்சுரம், முழுச்சுரம் என்று வழுக்கிப் போகும். நாம் கமகம் என்று கொண்டாடுவதை இவர்கள் கழுத்தால் செய்கிறார்கள். தலையசைக்கக் கற்கவே மூன்று ஆண்டு என்று ஜப்பானில் ஒரு வழக்கு உண்டு.

என் மனைவிக்கும் எனக்கும் ஜப்பானிய உணவில் தொடங்கிய ஈடுபாடு இசைக்குப் பரவியபோது, இந்தக் குழலை முதலில் கேட்டதும் "இது சுத்த தன்யாசிதானே?" என்றாள் அவள். சரிதான். துளைகளை வரிசையாகத் திறந்தால் வருபவை ச, க, ம, ப, நி. காந்தாரம் சாதாரணம், நிஷாதம் கைசிகி. ஆனால் பழைய ஜப்பானிய இசையில் பெரிதும் ஆளப்படும் ஒரு சுரவரிசை நம் கர்நாடக சுத்த சாவேரியை ஒத்தது. அதற்கு வேண்டிய சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் தனித்துளையே இல்லை. துளையைப் பாதி மூடி, தாடையையும் தாழ்த்தித்தான் அவற்றை எடுக்க வேண்டும். அதனால் அந்தச் சுரங்கள் மங்கி, உள்ளடங்கி ஒலிக்கின்றன. துளை போதாமையை இப்படி அழகாக்கிய வாத்தியத்தை நான் வேறு அறியேன்.

மீதி வித்தை குழலின் உட்புறத்தில். மூங்கிலை வேரோடு தோண்டி எடுத்து, ஆண்டுக்கணக்கில் உலரவிடுகிறார்கள். பிறகு கணுக்களைக் குடைந்து, களிமண் பொடியும் அரக்கும் கலந்த பூச்சைப் பூசி, உட்சுவரைச் செதுக்கிச் சீராக்குகிறார்கள். குழாயின் நடுவில் உட்சுவர் துளி குறுகினாலும் அடிப்படைச் சுரம் ஏறும். அதே இடத்தில் அதன் மேல் ஸ்தாயிச் சுரம் இறங்கும்! முதல் அலைக்கு நடுப்பகுதியில் காற்றழுத்தம் உச்சத்தில் மாறுகிறது, இரண்டாவதற்கு அங்கே காற்றோட்டம் உச்சத்தில் இருக்கிறது. ஒன்றைத் திருத்தப் போனால் மற்றொன்று கெடும். எந்த இடத்தில் எவ்வளவு பூசலாம் என்று அறிய, ஈரமாக்கிய செய்தித்தாள் துண்டை உள்ளே ஒட்டி ஊதிப் பார்க்கிறார்கள் கைவினைஞர்கள்.

ஒலியோடு சேர்ந்து வரும் மூச்சின் இரைச்சலை மற்ற குழல்காரர்கள் குறையாக நினைத்து ஒதுக்குவார்கள். இங்கே அதுவும் இசை. குழாய் அந்த இரைச்சலையும் வடிகட்டி, தன் சுருதியின் சாயலை ஏற்றிவிடுகிறது. தலையைக் கூடையால் மறைத்து அலைந்த கொமுசோ துறவிகளுக்கு இந்த ஊதலே தியானம். 1871-இல் அரசு அவர்களின் பிரிவைத் தடைசெய்தது. குழல் தப்பிப் பிழைத்தது.

அது சிட்னி வரை வந்த கதையில் ரைலி லீ முக்கியமானவர். டெக்சாஸில் பிறந்த அவர், 1980-இல் ஷாகுஹாச்சியின் மாஸ்டர் பட்டங்களில் உயர்ந்ததைப் பெற்றார். ஜப்பானியர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1986-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்தார். துறவிகளின் இசை தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய விதத்தை ஆராய்ந்து சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1997-இல் தாளக் கலைஞர் இயன் கிளிவொர்த்துடன் டைக்கோஸ் என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். 2008-இல் உலக ஷாகுஹாச்சி விழாவே சிட்னியில் நடந்தது. மெல்பனில் ஆன் நார்மன் இந்தக் குழலை வாசித்திருக்கிறார்.

அடுத்த முறை இந்த இரு நகரங்களில் எங்கேனும் ஷாகுஹாச்சி கச்சேரி நடந்தால் தவறவிடாதீர்கள். முன்வரிசையில் இடம் பிடியுங்கள். வாசிப்பவரின் விரல்களை விட்டுவிட்டுத் தாடையைக் கவனியுங்கள்.