ஊரே முறைச்சது பக்கத்து வீட்டை

ஜார்ஜ் க்ளூனி இயக்கி 2017-ல் வந்த 'சபர்பிகான்' படத்தை நீங்க பார்த்திருக்க வாய்ப்பு கம்மி. தியேட்டர்லயே படுத்துடுச்சு. நானும் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, தூக்கம் வராமத்தான் பார்த்தேன்.

கதை 1959-ல் ஒரு அமெரிக்கப் புறநகரில் நடக்குது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வெட்டிவிட்ட புல்தரை. அங்கே மேயர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடிவர, ஊரே கொதிக்குது. கடையில் அந்த அம்மா எதை எடுத்தாலும் மேனேஜர் சொல்ற விலை 20 டாலர். ஆனா பின்பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கார்ட்னர் (மேட் டேமன்) இன்ஷூரன்ஸ் பணத்துக்காகச் சொந்த மனைவியையே ஆள் வைத்துக் கொன்னிருக்கார். சட்டையில் ரத்தத்தோட சின்னப் பசங்க சைக்கிளை மிதிச்சு அவர் வீடு திரும்பும்போது, ஊர் மேயர்ஸ் வீட்டு வாசல்ல கலாட்டா பண்ணிட்டு இருக்கு!

மேயர்ஸ் பகுதிக்கு நிஜ சம்பவம் ஒண்ணு இருக்கு. 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனுக்கு வில்லியம், டெய்சி மையர்ஸ் தம்பதி குழந்தைகளோட வந்தாங்க. கூட்டம் கல் எறிந்தது. சிலுவை கொளுத்தினாங்க. பக்கத்துக் காலி வீட்டில் கான்ஃபெடரேட் கொடி ஏத்தி, சத்தமாப் பாட்டுப் போட்டாங்க.

சிவில் பசங்களுக்கு லெவிட் பெயர் தெரிஞ்சிருக்கலாம். கார் ஃபேக்டரி அசெம்ப்ளி லைனைத் திருப்பிப் போட்டவர்: வீடு அப்படியே நிக்கும், வேலையாட்கள் வீடு வீடா நகர்வாங்க. நியூயார்க் லெவிட்டவுனில் உச்சத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 30 வீடு. ஆனா வெள்ளையர் அல்லாதவங்க குடியிருக்கக் கூடாதுன்னு ஆரம்பத்தில் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாங்க. அப்படிப்பட்ட நிபந்தனைகளைக் கோர்ட் அமல்படுத்த முடியாதுன்னு 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், கறுப்பினத்தவருக்கு லெவிட் விற்கலை. மையர்ஸ் குடும்பம் வாங்கினது, ஏற்கெனவே அங்கே வீடு வாங்கியிருந்த தனி ஆள்கிட்ட. வீட்டுக்கடனுக்குக் காப்பீடு கொடுத்த அரசு அமைப்பும் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவைன்னு ஒதுக்கி வெச்சிருந்தது. 'அவங்க வந்தா நம்ம வீட்டு விலை இறங்கும்'ங்கற பயத்தை அரசாங்கமே வளர்த்துவிட்டதுன்னுதான் சொல்லணும்.

இது எதுவும் படத்தில் இல்லை. 1980-களில் கோயன் சகோதரர்கள் எழுதிய கொலைக்கதையோட க்ளூனி லெவிட்டவுனை ஒட்டவெச்சார். தையல் பளிச்சுன்னு தெரியுது. கார்ட்னருக்கு எத்தனை சீன்! மேயர்ஸ் அம்மாவுக்கு வசனமே ரொம்பக் கொஞ்சம். அவங்க என்ன நினைச்சாங்கன்னு கடைசி வரை தெரியாது. நிஜ டெய்சியோ தன் அனுபவத்தைப் புத்தகமாவே எழுதினவங்க.

நேரம் இருந்தா 1957-லயே எடுத்த 'க்ரைசிஸ் இன் லெவிட்டவுன்' ஆவணப்படத்தைப் பாருங்க. அந்த ஊர்க்காரங்களே கேமரா முன்னாடி, இந்தக் குடும்பம் ஏன் வேண்டாம்னு விளக்குறாங்க.